ஹெட்டைக் கழற்ற முதல்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

கார் சூடேறுகிறது, கராஜில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள், இல்லாவிட்டால் ஜப்பான் எஞ்சின் ஒன்றைத் தூக்கி வைக்கலாம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அம்மப்பாவின் மொரிஸ் மைனருக்கு ஜப்பான் எஞ்சின் என்ற கதையை இப்போதைக்கு விடு. ஹெட்டிலும் யாரையும் கை வைக்க விடாதே. எல்லாம் எழுதியிருக்கிறாய், எப்போது சூடேறுகிறது என்பதை மட்டும் எழுதவில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

காத்தான்குடி பிரதான வீதியில் ஊர்ந்து போகும்போது சூடேறி, ஆரையம்பதி தாண்டி ஓட ஓடத் தணிகிறதா? அப்படியென்றால் குறை காற்றோட்டத்தில். ஃபேன் பெல்ற் தளர்ந்திருக்கும், ரேடியேற்றர் தகடுகளுக்குள் பூச்சியும் மணலும் அடைத்திருக்கும், அல்லது யாரோ ஃபேனை முன்பின் மாற்றிப் பூட்டியிருப்பார்கள். சிரிக்காதே, அப்படியும் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஊருக்குள் ஒன்றும் இல்லை, கல்முனை வீதியில் விரட்டி ஓடும்போதுதான், அல்லது செங்கலடியால் பதுளை வீதி பிடித்து பிபிலைக்கு அப்பால் ஏறும்போதுதான் கொதிக்கிறது என்றால் விஷயம் வேறு. ரேடியேற்றரின் உட்குழாய்கள் அடைத்திருக்கலாம். கீழ் ஹோஸ் பழசாகி, பம்ப் உறிஞ்சும்போது சப்பிப் போகலாம். நின்ற இடத்தில் பார்த்தால் நல்ல ஹோஸ் மாதிரித்தான் தெரியும், ஒருவரை அக்ஸிலறேற்றரை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பார். மூன்றாவது இக்னிஷன் டைமிங். பொறி பிந்தி விழுந்தால் பெற்றோல் சிலிண்டருக்குள் எரிந்து முடியாமல் எக்ஸோஸ்ற் வால்வு திறந்த பிறகும் எரிந்துகொண்டு போகும். அந்தச் சூட்டையெல்லாம் ஹெட்தான் தாங்க வேண்டும். ரேடியேற்றரைப் புதிதாக மாற்றினாலும் அது தீராது.

இன்னொன்று, உண்மையிலேயே சூடேறுகிறதா? மைனருக்குக் கம்பனி ஹீற் கேஜ் வைத்து விடவில்லை. நிறுத்தியதும் கீழே தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துத்தானே சொல்கிறாய்? இந்தக் காரில் மேலதிகத் தண்ணீரை வாங்கி வைக்கும் போத்தலும் கிடையாது. வாய் வரை நிரப்பினால், சூட்டில் விரிகிற தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயால் வீதிக்குத்தான் போகும். கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே விட்டு ஓடிப் பார். அத்தோடு, எஞ்சினை நிறுத்தியதும் பம்பும் ஃபேனும் நின்றுவிடுவதால் சில நிமிடங்களுக்குச் சூடு இன்னும் ஏறவே செய்யும். அது வருத்தம் இல்லை.

அளக்க விரும்பினால் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கு. கொரோனா காலத்தில் நெற்றிக்குப் பிடித்ததைக் கொண்டு வராதே, அது காய்ச்சல் பார்க்கத்தான், இந்தச் சூட்டைக் காட்டாது.

இனி தேர்மோஸ்டாற், எஞ்சின் சூடாகும் வரை ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கும் கதவு. உன் கடிதத்தில் "அதை முன்பே கழற்றி எறிந்தாயிற்று, நம்மட வெயிலுக்கு அது தேவையில்லையாம்" என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் கதையை மட்டக்களப்பு முழுக்கக் கேட்கலாம். நல்ல தேர்மோஸ்டாற் சூடு வந்ததும் தானே திறந்துவிடும். திறந்த கதவைக் கழற்றி எறிவதால் வழி பெரிதாக அகலப் போவதில்லை. மூடியபடியே இறுகிப்போன ஒன்றைக் கழற்றினால்தான் பலன், அதற்கும் சரியான மருந்து புதியதைப் போடுவதே. அது இல்லாமல் ஓடினால் சின்னச் சின்ன ஓட்டங்களில் எஞ்சின் சூடு பிடிக்கவே நேரமெடுக்கும், பெற்றோல் கூடக் குடிக்கும், ஒயிலில் ஈரம் சேரும், சிலிண்டர் தேயும். 82 பாகையில் திறப்பது சாதாரணமானது, வெப்ப நாடுகளுக்கு 74 பாகையும் உண்டு. எண் அதிலேயே பொறித்திருக்கும். உன்னுடையது 1098 சிசி, அதாவது 1962க்குப் பிந்திய ஏ சீரிஸ் எஞ்சின். மினிக்கும் அதே குடும்பம் என்பதால் சாமான் தேடி அலைய வேண்டியதில்லை. பூட்ட முதல் நூலில் கட்டிச் சட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடுப்பில் வைத்துப் பார். புதியதிலும் திறக்காதவை வரும்.

ரேடியேற்றர் மூடியையும் கவனி. மைனருக்கு 7 இறாத்தல் மூடி, அதாவது சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம் வரை தாங்கிப் பிடிப்பது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 111 பாகை வரை கொதிக்காது. ரப்பர் செத்த மூடி என்றால் நூறிலேயே கொதிக்கும். ஜப்பான் காரின் மூடியில் 0.9, 1.1 என்று இருக்கும், அவை 13, 16 இறாத்தல். அதைப் போட்டால் பழைய ரேடியேற்றரின் ஈயப்பற்று விட்டுவிடும்.

தண்ணீர் எங்கிருந்து ஊற்றுகிறாய்? கிணற்றில் இருந்து என்றால் இன்றோடு நிறுத்து. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற நம் மண்ணில் உவர் இல்லாத கிணறு எத்தனை? கூலன்ற் கலந்து ஊற்று, கலக்கக் காய்ச்சி வடித்த தண்ணீர் எடு. அதற்கு முதல், சிலிண்டர்கள் இருக்கிற எஞ்சின் ப்ளொக்கில் பின்பக்கமாக இருக்கிற சின்ன வடிகுழாயைத் திற. ஒரு சொட்டும் வராவிட்டால் கம்பியால் குத்து. துருச் சேறு வந்து விழுந்தால், கடைசி சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் போகாமல் இருந்திருக்கிறது என்று அர்த்தம். நன்றாகக் கழுவு.

இத்தனைக்கும் பிறகு சூடு தணியவில்லை என்றால்தான் ஹெட் காஸ்கட், ஹெட்டுக்கும் ப்ளொக்குக்கும் நடுவில் இருக்கிற தகடு, போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போயிருந்தால், ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் பண்ணியதும் குமிழி விடாமல் வரும், அல்லது தண்ணீர் காரணமில்லாமல் குறையும், அல்லது டிப்ஸ்டிக்கில் ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருக்கும். ஒயில் மூடிக்கடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை படிந்திருந்தால் அது வெறும் ஈரம், பயப்படாதே.

சனிக்கிழமை பின்னேரம் டைமிங் லைற்றோடு களுவாஞ்சிகுடிக்கு வருகிறேன். காலையிலிருந்து காரை எடுக்காமல் வை. கொதித்து நின்றால் மூடியில் கை வைக்காதே.

அன்புடன்,
மாமா