சூரிக்குக்கு ஒரு கடிதம்

அவிநாசி,
மார்கழி மாதம் (ஜனவரி 2026)

அன்புள்ள மாப்ளே தங்கவேலு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பேசி அனுப்பினால் நடுவில் யாராவது கதவைத் தட்டிவிடுகிறார்கள், அதனால் எழுதியே அனுப்புகிறேன். வெளியே பனி கொட்டுகிறது, வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன் என்றாயே, பொறுமையாகப் படி.

வருகிற மே மாதம் சூரிக்கில் நடக்கும் உலக ஐஸ் ஹாக்கிப் போட்டிக்கு மருமகன் டிக்கெட் எடுத்துவிட்டான் என்றதும் எனக்கு வயிறு எரிந்தது உண்மை. ஆனால் அதோடு அவன் சொன்னதாக நீ சொன்னாயே, "அமெரிக்காவுலயும் கனடாவுலயும் நடக்கிற என்ஹெச்எல் லீக்தான் நிஜமான ஆட்டம், இதுக்கு ஸ்டார் பிளேயருங்க பாதிப் பேர் வரமாட்டாங்க, சும்மா ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்ப்பா" என்று. அதைக் கேட்டு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

அவன் சொன்னதில் பொய் இல்லை. என்ஹெச்எல்லின் நாக்அவுட் ஆட்டங்கள் ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை இழுக்கும். இந்த உலகப் போட்டி சரியாக அதன் நடுவில், மே 15 முதல் 31 வரை. அங்கே இன்னும் தோற்காத அணிகளில் இருப்பவர்கள் எப்படி வருவார்கள்? தோற்று வெளியே வந்தவர்களில் சிலர் பையைத் தூக்கிக்கொண்டு பாதிப் போட்டியில் வந்து சேர்கிறார்கள். சிலர் உடம்பு வலி, களைப்பு என்று வருவதே இல்லை. எல்லாரும் ஒன்றாக வருவது ஒலிம்பிக்குக்குத்தான், அதுவும் 2014க்குப் பிறகு இந்தப் பிப்ரவரியில் மிலானில்தான் என்ஹெச்எல்காரர்களை மறுபடி விடப்போகிறார்கள்.

ஆனால் எனக்கு இந்த அரைகுறை உலகப் போட்டிதான் பிடிக்கிறது. நம் ஊர்ப் பக்கம் பொங்கலுக்கு லைட் போட்டு நடத்துகிற கபடியை நினைத்துக்கொள். நல்ல ரைடர்கள் எல்லாம் புரோ கபடிக்குப் போய்விட்டார்கள் என்று யாராவது ஆட்டத்தை நிறுத்தினார்களா? பனியனில் ஊர்ப் பெயர் இருக்கிறது, எதிரே பக்கத்து ஊர் நிற்கிறது. யார் கையில் கிடைக்கும் என்று தெரியாததால்தானே விடியும் வரை உட்கார்ந்து பார்த்தோம்.

டிரெயில் என்று கனடாவின் மேற்கே ஒரு சின்ன ஊர், ஈயமும் துத்தநாகமும் உருக்குகிற ஆலையை நம்பிப் பிழைக்கிற ஊர். அங்கே உள்ளூர் அணியின் பெயர் ஸ்மோக் ஈட்டர்ஸ். சம்பளத்துக்கு ஆடுகிறவர்களை அந்தக் காலத்தில் உலகப் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். அதனால் கனடா ஏதாவது ஓர் ஊர் அணியைத் தேர்ந்தெடுத்து நாட்டின் சார்பாக அனுப்பிவைக்கும். 1961ல் இந்த ஆலைக்காரர்களின் முறை. போட்டி நடந்தது நீ இருக்கிற அதே சுவிட்சர்லாந்தில். ஜெனீவாவில் கடைசி ஆட்டத்தில் சோவியத் அணியை 5-1 என்று அடித்து உலகச் சாம்பியன் ஆனார்கள். அதற்குப் பிறகு கனடாவுக்கு அடுத்த பட்டம் கிடைத்தது 1994ல்தான்! சோவியத் ஆட்டக்காரர்கள் காகிதத்தில் ராணுவ அதிகாரிகள், வேலை என்னவோ முழுநேரமும் ஐஸ் ஹாக்கி. இது நியாயமில்லை என்று கோபித்துக்கொண்டு கனடா 1970 முதல் 1976 வரை போட்டிக்கே வரவில்லை. சம்பளக்காரர்களையும் சேர்க்கலாம் என்றான பிறகு 1977ல் திரும்பி வந்தது. ஆக, சிறந்தவர்கள் வராத குறை இன்று நேற்று வந்ததில்லை என்று மருமகனிடம் சொல்.

2019ல் பின்லாந்து அனுப்பிய அணியைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள், பெயர் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்று. கேப்டன் மார்கோ அன்ட்டிலாவுக்கு 33 வயது, ஆறடி எட்டு அங்குல உயரம். அரையிறுதியில் எதிரே ஓவெச்கின், மால்கின், குச்செரோவ் என்று என்ஹெச்எல் ஸ்டார்கள் இருந்த ரஷ்ய அணி. ஒரே ஒரு கோல் விழுந்தது, அதைப் போட்டது அன்ட்டிலா. இறுதியாட்டத்தில் கனடாவை 3-1 என்று ஜெயித்தார்கள், மூன்றில் இரண்டு அவர் போட்டது. அந்த ஆட்டத்தின் பதிவை நான் இன்னமும் போட்டுப் பார்ப்பதுண்டு. உன் தங்கச்சி, "முடிவு தெரிஞ்ச ஆட்டத்துக்கு எதுக்கு இவ்வளவு பதட்டம்" என்பாள்.

2023ல் லாட்வியா. நம் கோயமுத்தூர் மாவட்டத்தின் ஜனத்தொகைகூடத் தேறாத நாடு. அமெரிக்காவை ஓவர்டைமில் தோற்கடித்து வெண்கலம் வாங்கிவிட்டது, வரலாற்றிலேயே முதல் பதக்கம். அன்று நடுராத்திரி அந்த நாட்டுப் பாராளுமன்றம் கூடி, மறுநாள் திங்கட்கிழமை விடுமுறை என்று சட்டம் போட்டது மாப்ளே! வெண்கலத்துக்கே இந்தப் பாடு. போன மே மாதம் டென்மார்க்கின் ஹெர்னிங் ஊரில் காலிறுதி. கனடா பக்கம் சிட்னி கிராஸ்பி, நேதன் மெக்கின்னன் என்று நிஜமான ஸ்டார்களே வந்திருந்தார்கள். கடைசி சில நிமிடங்களில் டென்மார்க் சமன் செய்து, ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது இன்னொரு கோல் போட்டு 2-1 என்று முடித்தது. ஸ்டார் வந்தால் மட்டும் என்ன ஆகிவிட்டது?

உன் ஊர்க்காரர்கள் கதை வேறு. சுவிஸ் அணி 2013லும் 2018லும் இறுதியாட்டத்தில் ஸ்வீடனிடம் தோற்றது. 2024ல் பிராகாவில் செக் அணியிடம் 0-2. 2025ல் ஸ்டாக்ஹோமில் அமெரிக்காவிடம் ஓவர்டைமில் 0-1. அடுத்தடுத்து இரண்டு இறுதியாட்டங்களில் ஒரு கோல்கூடப் போடவில்லை, தங்கம் இன்றுவரை கிடைத்ததே இல்லை. 2020ல் சூரிக்கில் நடக்க வேண்டிய போட்டியும் கொரோனாவில் போய்விட்டது. அந்தப் பாக்கியெல்லாம் சேர்ந்துதான் இந்த மே மாதம் வருகிறது. கூட்டம் எப்படிக் கத்தும் என்று யோசித்துப் பார். அமெரிக்காவும் பின்லாந்தும் சூரிக் பிரிவில்தான் ஆடுகின்றன. கனடாவும் ஸ்வீடனும் ஃப்ரைபோர்க்கில். இரண்டு ஊரிலும் சேர்த்து 16 அணிகள். கடைசியாக வருகிறவர்கள் அடுத்த வருடம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டும், அங்கிருந்து இந்த முறை மேலே ஏறி வந்திருப்பவை பிரிட்டனும் இத்தாலியும். பதக்கத்துக்கு வாய்ப்பே இல்லாத இரண்டு அணிகள் இறங்காமல் இருப்பதற்காக மோதுகிற ஆட்டத்துக்கு டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் விடாதே.

அமெரிக்காவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தனிப் போட்டியாக நடந்த உலகப் போட்டியில் 1933க்குப் பிறகு அவர்கள் ஜெயித்தது போன வருடம்தான். ஜெயித்ததும் ஜானி காட்ரோவின் 13ஆம் எண் ஜெர்சியைத் தூக்கிப் பிடித்தார்கள். 2024ல் அவர் தம்பியோடு சைக்கிளில் போகும்போது கார் மோதி இருவருமே இறந்துபோனார்கள். அவர் பெரிய என்ஹெச்எல் ஆட்டக்காரர், ஆனாலும் இந்தப் போட்டிக்குப் பலமுறை வந்து ஆடியவர்.

சரி, பந்துக்குப் பதிலாக இருக்கும் கறுப்பு வட்டு கண்ணுக்கே தெரியவில்லை என்றாயே. அதைத் துரத்தாதே, ஆட்களைப் பார். கீப்பரோடு சேர்த்து ஓர் அணிக்கு ஆறு பேர், முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டம் நிற்காமலேயே ஆள் மாறுவார்கள், ஏனென்றால் அதற்கு மேல் அந்த வேகத்தில் யாராலும் முடியாது. வட்டு ரப்பர்தான், துள்ளாமல் வழுக்கவேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் ஃப்ரீசரில் வைத்து எடுப்பார்கள். தோற்கிற அணி கடைசி நிமிடங்களில் கீப்பரையே வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளாக ஒருவரை விடும், அப்போது மட்டும் போனை எடுக்காதே. ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடிவிடவும் வேண்டாம். இரண்டு அணியும் வரிசையாக நிற்க, ஜெயித்த நாட்டின் தேசிய கீதத்தை மட்டும் போடுவார்கள். தோற்றவர்கள் நின்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆனால் எனக்காக நீ பார்க்கவேண்டியது இடைவேளையில். இருபது இருபது நிமிடமாக மூன்று கட்டம், நடுவில் இரண்டு இடைவேளை, அப்போது ஒரு வண்டி வந்து கீறல் விழுந்த ஐஸைச் சீவிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகும். எத்தனை வருடம் ஐஸ் கம்பெனியிலும் மேட்டுப்பாளையம் கோல்டு ஸ்டோரேஜிலும் அமோனியா கம்ப்ரஸரோடு மல்லுக்கட்டியவன் நான், அந்த வண்டியைப் பார்த்துத்தான் இந்த ஆட்டத்துக்குள்ளேயே வந்தேன். அது ஊற்றுவது சுடுதண்ணீர், சுமார் 60 டிகிரி! சுடுதண்ணீரில் கரைந்த காற்று குறைவு, அதனால் ஐஸ் தெளிவாகவும் கெட்டியாகவும் உறையும். மேல் ஐஸைக் கொஞ்சம் உருக்கி அதோடு ஒட்டியும் கொள்ளும். நம் ஐஸ் கம்பெனியில் டின்னுக்குள் காற்றைக் குழாய்விட்டுக் கலக்கினோமே, நடுவில் வெள்ளை பூக்காமல் இருக்க, அதே விஷயம்தான். அடியில் கான்கிரீட், அதற்குள் குழாய், குழாயில் குளிர்ந்த உப்புநீரோ கிளைகாலோ. மேலே ஐஸ் மூன்று சென்டிமீட்டர் இருந்தால் அதிகம்.

வண்டியைக் கண்டுபிடித்த ஃபிராங்க் ஜம்போனியும் நம் ஆள்தான். கலிபோர்னியாவில் அண்ணன் தம்பியாக ஐஸ் கட்டி விற்றவர்கள். வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வந்து வியாபாரம் படுத்தபோது, கையில் இருக்கிற குளிர்பதன அனுபவத்தை வைத்து 1940ல் ஒரு ஸ்கேட்டிங் தளம் திறந்தார்கள். தளத்தைச் சரிசெய்ய நாலைந்து பேர் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாரடிக்க வேண்டியிருந்தது. 1949ல் ஒரே ஆள் ஓட்டுகிற வண்டி தயார். ஐஸ் கம்பெனி மூடியதும் நம் முதலாளி அந்த இடத்தைக் கல்யாண மண்டபமாக்கினார். அவருக்கு அவர் வழி.

குளிர்பதன இயந்திரம் இல்லாத தளத்தில் பட்ட பாடும் உண்டு. 1930ல் முதல் தனி உலகப் போட்டியை பிரான்சின் சாமோனியில் திறந்தவெளியில் நடத்தினார்கள். திடீரென்று வெயில் அடித்து ஐஸ் உருகிவிட்டது. மிச்சப் போட்டியை மூட்டை கட்டிக்கொண்டு போய், இறுதியாட்டத்தை பெர்லினில் கூரைக்குள் முடித்தார்கள்.

நம் நாடு 1989லேயே உலக ஐஸ் ஹாக்கிச் சம்மேளனத்தில் உறுப்பினர். ஆடுகிறவர்கள் பெரும்பாலும் லடாக் பிள்ளைகள், லேயில் குளம் உறையும் வாரங்களில் பழகிக்கொள்கிறவர்கள். 2009ல் அபுதாபியில் ஆசியப் போட்டிக்குப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஐக்கிய அரபு அமீரகம் பாலைவனத்தில் ஐஸ் தளம் கட்டி நம்மை அடிக்கிறது. கோயமுத்தூரில் பம்பும் மோட்டாரும் கம்ப்ரஸரும் செய்யத் தெரிந்த ஆட்கள் இத்தனை பேர் இருந்தும் ஒரு முழு அளவுத் தளம் இல்லையே என்று எனக்குத்தான் வருத்தம். கரண்ட் பில்லை நினைத்தால் வருத்தம் தானாக அடங்கிவிடுகிறது.

ஊர் செய்தி: அத்திக்கடவுத் தண்ணீர் வந்து நம் பக்கக் குளத்தில் நிற்கிறது, கிணற்றில் தண்ணீர் ஒரேயடியாக இறங்காமல் மோட்டார் இப்போது ஓடுகிறது. அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் திருப்பூரில் பல கம்பெனிகளில் ஓவர்டைம் இல்லை. என் சின்னவனும் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுகிறான். பொள்ளாச்சியில் உன் மச்சான் தோப்பில் வேர்வாடல் நோய் பிடித்துக் கொஞ்ச மரங்களை வெட்டிவிட்டார். நீயாக அதைக் கேட்காதே, அவரே சொல்லட்டும். அத்தைக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, ஆனால் குரல் மட்டும் குறையவில்லை.

மே மாதம் அங்கே ராத்திரி எட்டு மணி ஆட்டம் எனக்கு நடுராத்திரி நெருங்கும்போது ஆரம்பிக்கும். நான் விழித்திருப்பேன், இடைவேளையில் கூப்பிடு. அப்புறம், மருமகனிடம் ஒரு வேலை சொல்: அந்த மைதானத்துக் குளிர்பதனம் அமோனியாவா, கார்பன் டை ஆக்சைடா, கம்ப்ரஸர் யார் செய்தது என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் விசாரித்துச் சொல்லட்டும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
நாச்சிமுத்து