தென்பெண்ணைக் கரையில் கிடைக்கும் காசுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பண்ருட்டிப் பக்கம் தென்பெண்ணையில் வெள்ளம் வடிந்தால் கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளும், எப்போதாவது செப்புக் காசும் தலைகாட்டும். போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு காசு கொண்டுவந்தான். புளி போட்டுத் தேய்த்ததில் களிம்போடு எழுத்தும் போயிருந்தது. சரி, எங்கே எடுத்தாய் என்றால் 'ஆத்துல' என்கிறான். ஆறு என்ன முழ நீளமா?

கிடைத்த இடம் தெரியாத காசு பாதி ஊமை. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். ஊரில் யாருக்குத் தெரியும்? 2024இல் மருங்கூரில் அகழாய்வே நடந்த மாவட்டம் இது. அரசு அதிகாரிகளே, கிராம நிர்வாக அலுவலர்களிடம் ஒரு பதிவேடு கொடுங்கள்: இடம், தேதி, எடை, இரு பக்கப் படம். அப்புறம், தேய்க்காதீர்கள் என்று பள்ளிகளிலும் சொல்லுங்கள்.

- ஒரு வாசகர், பண்ருட்டி