ஆடிப்பிறப்பைப் பிள்ளைகளின் கையில் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி மாதம் பிறக்கும் நாளில் கூழ் காய்ச்சிக் கொண்டாடும் ஆடிப்பிறப்புக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது. ஆரம்பப் பிரிவு உள்ள பல பாடசாலைகளில் இப்போதே நிகழ்ச்சிநிரல் எழுதத் தொடங்கியிருப்பார்கள்: மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, சிறப்புரை, இரண்டு நடனம், நன்றியுரை, பிறகு கூழ். இந்த ஒழுங்கில் தரம் 1 பிள்ளை செய்வது ஒன்றே ஒன்று. அது காலை மடக்கிக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் பேசாமல் இருப்பது. அந்த வயதுப் பிள்ளை ஒரே இடத்தில் கவனத்தோடு இருக்கக்கூடிய நேரம் பதினைந்து, மிஞ்சினால் இருபது நிமிடம். அதற்குப் பிறகு நடக்கும் உரை எவ்வளவு நல்ல உரையாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேராது.

அதிபர்களிடமும் வகுப்பாசிரியர்களிடமும் நாங்கள் கேட்பது இதுதான். இந்த முறை மேடையைச் சுருக்கி, வேலையைப் பிள்ளைகளிடம் பிரித்துக் கொடுங்கள். தைப்பொங்கலும் சித்திரை வருடப்பிறப்பும் விடுமுறை நாள்களில் வந்துவிடும். ஆடிப்பிறப்பு பெரும்பாலும் பாடசாலை நடக்கும் நாளில் வருகிறது. சமையல் எளிது, செலவு குறைவு. இதைவிட வசதியான பண்டிகை வகுப்பறைக்குக் கிடைக்காது.

முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு, ஆளுக்கு 150 மில்லிலீற்றர் கூழ் என்று வைத்தால், வறுத்த பச்சையரிசி மா 400 கிராம், வறுத்துக் கோது நீக்கிய பயறு 250 கிராம், பனங்கட்டி 750 கிராம், தேங்காய் மூன்று, நற்சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, தண்ணீர் ஏறக்குறைய நான்கு லீற்றர் போதும். தேங்காயில் பாதியைச் சின்னச் சொட்டுகளாக வெட்டிக்கொண்டு மிச்சத்தில் பால் பிழியலாம். மிளகு பெரியவர்களின் வாய்க்கு ஏற்ற அளவில் போடக்கூடாது. முதல்முறை உறைப்பாக இருந்துவிட்டால் பிள்ளை அடுத்த வருடமும் கூழை வேண்டாம் என்று சொல்லும்.

இதை அடுப்பில் வைத்துக் கிண்டுவது மட்டும்தான் பெரியவரின் வேலை. அதற்கு முன்னுள்ளது எல்லாம் பிள்ளைகளுடையது. தரம் 1, 2 பிள்ளைகள் சுளகில் பயற்றைப் பரப்பிக் கல்லும் சொத்தையும் பொறுக்கலாம். ஓலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டான்களை எண்ணலாம், ஓலையைப் பிரிக்கலாம். தரம் 3, 4 பிள்ளைகளிடம் தராசையும் பால்பேணியையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு பேணி மாவையும் ஒரு பேணி பயற்றையும் நிறுக்கும்போது நிறை ஒன்றாக வராது. பேணி ஒன்று, நிறை ஏன் இரண்டு என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். அந்த நேரத்தில் ஆசிரியர் விடையைச் சொல்லிவிடாமல், மாவைத் தட்டி அமுக்கி இன்னொருமுறை நிறுக்கச் சொன்னால் போதும். தரம் 5 பிள்ளைகளுக்கு முப்பது பேருக்கான அளவைக் கொடுத்து, நாற்பத்திரண்டு பேருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கச் சொல்லலாம். புலமைப்பரிசில் பரீட்சை கிட்டும் காலத்தில் கொண்டாட்டத்துக்கு நேரமில்லை என்று சொல்லும் பெற்றோருக்கு இந்தக் கொப்பியைக் காட்டுங்கள். நிறை, கொள்ளளவு, நேரம், விகிதம் நான்கும் அதில் இருக்கும்.

கூழ் பிழைக்கும் இடங்களையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். ஒரு தேக்கரண்டி மாவைக் கொதிநீரிலும் இன்னொன்றைப் பச்சைத்தண்ணீரிலும் ஆசிரியர் போட்டுக் காட்டட்டும். கொதிநீரில் விழுந்த மா கட்டிபடும். வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகிவிடுவதால் உள்ளே தண்ணீர் போக வழியில்லை. கட்டியை உடைத்தால் நடுவில் காய்ந்த மா அப்படியே இருக்கும். மாவை முதலில் பச்சைத்தண்ணீரில் கரைத்து ஊற்றுவதற்கான காரணத்தை அதன் பிறகு சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அடுத்த பிழை பனங்கட்டியில் வரும். பயறு வேகுமுன் இனிப்பைப் போட்டால் பயறு லேசில் அவியாது, கடிபடும். பயற்றை முக்கால் பதம் அவித்து, கரைத்த மாவை விட்டு, மா வெந்த பிறகே பனங்கட்டி போக வேண்டும். அதுவும் வெந்நீரில் கரைத்து வடித்த பிறகுதான். வடிதுணியில் தங்கும் மண்ணையும் தும்பையும் பிள்ளைகள் பார்க்கட்டும். பனையிலிருந்து இறக்கும் இனிப்பான கருப்பணி புளிக்காமல் இருக்க முட்டியில் சுண்ணாம்பு தடவுவதையும், அந்தக் கருப்பணியைக் காய்ச்சித்தான் பனங்கட்டி எடுப்பதையும் சொல்ல அதுவே நல்ல நேரம். கடைசியாகத் தேங்காய்ப்பால். முதற்பாலை ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். நின்று கொதித்தால் பால் திரைந்து எண்ணெய் மேலே மிதக்கும்.

ஆடி என்றால் சோளகம், தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. வெளியில் அடுப்பு மூட்டினால் தென்மேற்குப் பக்கம் ஒரு தகரத்தை மறைப்பாக வையுங்கள். அடுப்பைச் சுற்றி இரண்டு மீற்றர் தள்ளிக் கயிறு கட்டி, அதற்குள்ளே பிள்ளைகளை விடவே கூடாது. நைலோன் பாவாடை, தாவணி, தொங்கும் சால்வை எதுவும் அடுப்புக்குக் கிட்டப் போகக்கூடாது. நெருப்புப் பட்டால் நைலோன் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விழாவுக்கென்று பிள்ளைகளைப் பட்டிலும் நைலோனிலும் உடுத்தி அனுப்ப வேண்டாம் என்று முதல் நாளே பெற்றோருக்கு எழுதிவிடுங்கள். கூழ் தண்ணீரைப் போல ஆறாது. மேலே ஆடை படர்ந்து ஆறினமாதிரித் தெரியும், உள்ளே சுடும். அகலமான சட்டிக்கு மாற்றி, இடைக்கிடை கிளறி, அரை மணித்தியாலம் விட்டு ஆசிரியர் ருசி பார்த்த பிறகு பரிமாறலாம்.

பரிமாறுவதற்குப் பிளாஸ்ரிக் கோப்பை வாங்குவதில் எங்களுக்கு உண்மையான கவலை உண்டு. பிலாவிலை இந்தப் பண்டிகையின் பாதி. உள்ளங்கை அகல முற்றிய பச்சை இலையாகப் பார்த்து ஆளுக்கு இரண்டு எடுக்க வேண்டும், ஒன்று கிழியும். பழுக்கத் தொடங்கிய இலை நடுநரம்போடு வெடித்துவிடும், தளிர் இலை தொய்ந்துவிடும். காம்பில் வடியும் பாலைத் துடைத்து, இலையைக் கழுவி, கூம்பாகக் கோலி, மூன்று நான்கு சென்ரிமீற்றர் ஈர்க்கால் குத்த வேண்டும். ஈர்க்கின் இரண்டு நுனியையும் ஒட்ட நறுக்காவிட்டால் உதட்டில் குத்தும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது கடினமான வேலை. ஒரு கை இலையைப் பிடிக்க மற்றக் கை ஈர்க்கைத் துளைத்து வெளியே எடுக்க வேண்டும். பென்சிலைச் சரியாகப் பிடிப்பதற்கு வேண்டிய விரற்பலம் இப்படியான வேலையில்தான் வருகிறது. விஜயதசமியில் ஏடு தொடக்கிய மறுநாளே மூன்று வயதுப் பிள்ளைக்கு நான்குகோட்டுக் கொப்பி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஏடு தொடக்கல் ஒரு மங்கலமான தொடக்கம், அதோடு எழுத்துவேலை ஆரம்பித்துவிட வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. முன்பள்ளிக்கு மாப் பிசைதல், ஓலை மடித்தல், பயறு பொறுக்குதல் போதும்.

கொழுக்கட்டையும் வைப்பதென்றால் முப்பது பேருக்கு வறுத்த மா 700 கிராம் வேண்டும். குழைப்பது கொதிநீரில், அதுவும் பெரியவரால். பச்சைத்தண்ணீரில் குழைத்த மா ஒட்டாது, மடிக்கும்போது வெடிக்கும். இளஞ்சூட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் மூடி வைத்து, உருண்டையாகப் பிரித்துப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்ந்த உள்ளீட்டை அள்ளி வைக்கத்தான் எல்லாருக்கும் ஆசை வரும். அப்படி வைத்தது நீராவியில் வாய் பிளக்கும், வைத்த பிள்ளையே அதைக் கண்டுபிடிக்கட்டும். ஆசிரியர் எல்லாவற்றையும் திருத்தி ஒரே அச்சாக மாற்றிவிட்டால் பிள்ளைக்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது.

வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ இருந்தால் ஒதுக்கி வைக்கும் தேவையே இல்லை. அளப்பதும் மடிப்பதும் கிண்டுவதைப் பார்ப்பதும் எல்லாருக்கும் பொது. வழிபாட்டுப் பகுதியை ஐந்து நிமிடமாகத் தனியே வைத்துக்கொள்ளலாம். நோன்புக் கஞ்சி எப்படிக் காய்ச்சுவார்கள் என்று முஸ்லிம் பிள்ளையை வீட்டில் கேட்டு வந்து சொல்லச் சொன்னால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஒவ்வாமை பற்றி ஒரு துண்டுக் கடிதம் முன்கூட்டியே வீட்டுக்குப் போக வேண்டும். கூழில் கச்சானோ (நிலக்கடலை) கயூவோ (முந்திரி) சேர்க்கத் தேவையில்லை, சேர்க்காமல் விடுவது நல்லது.

விழா முடிந்த மறுநாள் நடப்பதுதான் எங்களுக்கு அதிகம் வருத்தம் தருவது. கரும்பலகையில் "ஆடிப்பிறப்பு" என்று தலைப்பிட்டுப் பத்து வசனம் எழுதி, பிள்ளைகள் பார்த்தெழுதிப் பாடமாக்குகிறார்கள். முப்பது கொப்பியிலும் அதே பத்து வசனம். தரம் 1 பிள்ளை ஒரு படமும் அதன் கீழே ஒரு சொல்லும் எழுதினால் போதும். தரம் 3 பிள்ளை முதலில் என்ன செய்தோம், பிறகு என்ன, கடைசியில் என்ன என்று மூன்று வசனம் தானாக எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும், அது பிறகு திருத்தக்கூடியது. தரம் 5 பிள்ளை, வகுப்பில் இல்லாத ஒருவர் வாசித்துவிட்டு அந்தக் கூழைக் காய்ச்சக்கூடிய மாதிரிச் செய்முறை எழுத வேண்டும்.

இன்னொன்றையும் இந்த ஆடியிலேயே தொடங்கலாம், செலவே இல்லாதது. ஆடிப்பிறப்பு தட்சிணாயனத் (சூரியனின் தெற்கு நோக்கிய நகர்வு) தொடக்கம், தைப்பொங்கல் உத்தராயணத் (வடக்கு நோக்கிய நகர்வு) தொடக்கம் என்று ஒவ்வொரு சிறப்புரையிலும் சொல்கிறோம். அந்தச் சொற்கள் பிள்ளைக்கு வெறும் சத்தம். ஒரு மீற்றர் தடி அதைக் காட்டிவிடும். மட்டமான சீமெந்துத் தரையில், மண் நிரப்பிய தகரத்தில் தடியை நிறுத்தி, நூற்குண்டால் நேர் பார்த்து, தரையிலிருந்து நுனிவரை சரியாக ஒரு மீற்றர் இருக்கும்படி வையுங்கள். நண்பகல் 12 மணியிலிருந்து 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சோக்கால் குறிக்க, ஆகக் குறுகியது எதுவோ அதுவே அன்றைய அளவு. யாழ்ப்பாணத்தில் ஆடிப்பிறப்பன்று அது 20 சென்ரிமீற்றர் அளவில், தெற்கு நோக்கி விழும். தைப்பொங்கலுக்கு 60 சென்ரிமீற்றர் அளவில், வடக்கு நோக்கி விழும். சித்திரை வருடப்பிறப்பன்று சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வந்துவிடுவதால் நிழல் ஏறக்குறைய இல்லை. நமது மூன்று பண்டிகைகளும் சூரியனின் மூன்று இடங்கள் என்பதைப் பிள்ளை தரையில் பார்த்துவிடும். தெற்கு நோக்கிய நகர்வு வானியல்படி ஆனி மாதத்திலேயே, யூன் 21 அளவில் தொடங்கிவிடுகிறது. அன்றைய நிழல் 24 சென்ரிமீற்றர் வரை இருக்கும். தரம் 5 பிள்ளை இந்த வித்தியாசத்தைக் கேட்டால் ஆசிரியர் மழுப்பாமல் சொல்ல வேண்டும்.

சூரியனை நேரே பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். கொடிக்கம்பத்தைத் தடியாகப் பாவித்தால் அதன் மேடைப்படி நிழலை முறித்துக் கணக்கைக் கெடுக்கும். தடியின் உச்சியில் ஒரு துணித்துண்டு கட்டினால் ஆடியில் சோளகமும் தையில் வாடையும் அதை எந்தப் பக்கம் இழுக்கின்றன என்பதையும் சேர்த்துக் குறிக்கலாம். வல்வெட்டித்துறையில் பொங்கலுக்குப் பட்டம் ஏற்றும் காற்று எது என்பது அதில் தெரியும். சின்ன வகுப்புகளில் எண் வேண்டாம். நிழலின் நீளத்துக்கு ஒரு ஈர்க்கை நறுக்கி, கடதாசிப் பட்டையில் ஒட்டி, கீழே மாதத்தின் பெயரை எழுதினால் போதும். மாதம் ஒருமுறை, தமிழ் மாதப்பிறப்புக்கு அடுத்த வெயில் நாளில். மாரியில் கார்த்திகை, மார்கழி ஈர்க்குகள் தவறிப்போகலாம். அந்த இடத்தை வெறுமையாக விட்டு "மழை" என்று எழுதச் சொல்லுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

தையில் பிள்ளைகள் அடுத்த தரத்துக்குப் போய்விடுவார்கள். கடைசித் தவணையில் வகுப்பறையைத் துப்புரவாக்கும்போது அந்தப் பட்டையைக் கழற்றி எறியாமல், புதிய வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். சித்திரை ஈர்க்கு இன்னும் ஒட்டவில்லை.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.