அடியைச் சுருக்கு, வேகத்தைக் கூட்டாதே

அன்புள்ள மகளுக்கு,

நீ ஓடுவதை எடுத்து அனுப்பிய வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பலமுறை பார்த்தேன். குதிகால் முதலில் தரையில் படுகிறதே என்று பயப்படுகிறாய். அதை விடு. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் குதிகால் ஊன்றித்தான் ஓடுகிறார்கள். பாதம் எங்கே போய் விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உனக்கு அது முழங்காலைத் தாண்டி ஒரு சாண் முன்னால் விழுகிறது, அதுவும் முழங்கால் மடங்காமல். தரையைத் தொடும்போது கீழ்க்கால் கிட்டத்தட்ட செங்குத்தாக இருந்தால் நல்லது. இப்படி எட்டிப்போட்டால் ஒவ்வோர் அடியிலும் உடம்புக்குப் பிரேக் போட்ட மாதிரி, முட்டிச் சிப்பிக்குச் சுமை கூடும். படி இறங்கும்போது முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது என்றாயே, அந்த வலியும் இதோடு ஒத்துப்போகிறது.

மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கை. வேகம் மாறாமல் அதைக் கூட்டினால் ஒவ்வோர் அடியும் சுருங்கும், பாதம் உடம்புக்குக் கிட்டே விழும். கை வீச்சு, முதுகு, பாதம் என்று எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தப் போகாதே, ஒன்றும் நிலைக்காது.

வழக்கமான வேகத்தில் ஓடும்போது 30 விநாடிக்கு வலது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி, 4ஆல் பெருக்கு. 40 வந்தால் நிமிடத்துக்கு 160 அடி. அதில் 5 சதவீதம் கூட்டினால் 168, அதுதான் முதல் இலக்கு. பிறகு தேவைப்பட்டாலும் 176க்கு மேல் வேண்டாம், அது 10 சதவீதம். 180 வந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் உச்சநிலை வீரர்களைப் பார்த்து எண்ணிய கணக்கு அது. அவர்கள் வேகமும் உன் வேகமும் ஒன்றா?

எல்லோரும் தவறுவது இங்கேதான். சீரான தாள ஒலி எழுப்பும் மெட்ரோனோம் செயலியை 168இல் வைத்ததும் கால் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும், கூடவே வேகமும் ஏறிவிடும். அடியின் நீளம் குறையவே குறையாது, மூச்சு வாங்குவதுதான் மிச்சம். அதனால் முதல் சில நாள் டிரெட்மில்லில் ஓடு. மணிக்கு 9 கிலோமீட்டரில் 160 அடி வைத்தால் ஓர் அடி சுமார் 94 செ.மீ. வரும். அதே வேகத்தில் 168 வைத்தால் 89 செ.மீ. வித்தியாசம் 5 செ.மீ.தான். அவ்வளவு போதும்.

இரண்டு வாரத்தில் 8 முறை ஓடு. முதல் முறை 15 நிமிடம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி எட்டாவது முறை 30 நிமிடம். முதல் நான்கில் தாள ஒலி முழு நேரமும் கேட்கட்டும். ஐந்தாவதிலிருந்து ஒலியைக் குறைத்துக்கொண்டே வா: ஒரு நிமிடம் ஒலி, ஒரு நிமிடம் நிசப்தம், பிறகு நிசப்தம் இன்னும் நீளமாக. கடைசி முறை தொடக்கத்தில் மட்டும் கேட்டால் போதும். ஒலியை நிறுத்தாமலே பழகினால் கால் அதையே நம்பி ஓடும், செயலியை அணைத்த அன்றே பழைய நடைக்குத் திரும்பிவிடும். இந்த இரண்டு வாரமும் இதற்கு மேல் தூரத்தைக் கூட்டாதே, மேடேறி ஓடாதே.

தாள ஒலி எரிச்சலாக இருந்தால் 'சத்தமில்லாமல் கால் வை' என்று உனக்கு நீயே சொல்லிக்கொள். பலருக்கு அதுவே வேலை செய்கிறது. மெல்ல இறங்கக் கற்றுக்கொடுப்பதால் பலன் உண்டு என்பதற்குச் சான்றும் இருக்கிறது. புதிதாக ஓடத் தொடங்கிய 320 பேரை வைத்து ஹாங்காங்கில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் அப்படிப் பழகியவர்களுக்கு அடுத்த ஓராண்டில் காயங்கள் 62 சதவீதம் குறைவு. ஆனால் கெண்டைக்காலிலும் குதிகால் தசைநாணிலும் வந்த காயங்கள் மட்டும் அவர்களிடம்தான் அதிகம். முட்டியிலிருந்து இறக்கிய பாரத்தில் ஒரு பங்கைக் கணுக்கால் பக்கம் சுமக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே இப்போதே கெண்டைக்காலைத் தயார்செய். படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி, மெதுவாக இறக்கு. காலுக்கு 15 வீதம் 3 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு நாள் முழங்கால் நேராக, மறுமுறை சற்று மடித்து. மடித்துச் செய்தால்தான் உள்ளே இருக்கும் தசைக்கு வேலை போகும். ஓடிய மறுநாள் கெண்டைக்கால் லேசாக இறுகியிருந்தால் பரவாயில்லை. காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே கிள்ளுகிற மாதிரி வலித்தால் இரண்டு நாள் நிறுத்து, பிறகு பாதி நேரத்திலிருந்து தொடங்கு. கீழ்க்கால் எலும்பில் விரல் வைக்கும் ஒரே இடத்தில் வலித்தாலோ, முட்டி வீங்கினாலோ, பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்.

உன் தோழிக்கும் இதைக் கற்றுக்கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். அவளுக்கு வலியே இல்லையே, எதற்கு? தானாகப் படிந்த அடிதான் பெரும்பாலும் ஒருவருக்குக் குறைந்த சக்தியில் ஓடக் கைகொடுக்கிறது. வலி இல்லாதவள் அவள் போக்கில் ஓடட்டும்.

எட்டாவது ஓட்டம் முடிந்ததும் மறுபடி வீடியோ அனுப்பு. அதே ஷூ, அதே வேகம், போன் பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில். தாள ஒலியை அணைத்துவிட்டு எடு.

அன்புடன்,
அம்மா