ஊருக்கு ஒரு பள்ளி போதும்: துறைச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். போன வாரம் எங்கள் காலனிப் பள்ளித் தலைமையாசிரியர் போன் செய்தார். "பாப்பாவைத் திரும்பக் கொண்டாந்து சேர்த்துடுங்க தம்பி. ஒன்பது பேர்தான் இருக்காங்க. இப்படியே போனா பள்ளிக்கூடத்தையே மூடிருவாங்க" என்றார். நல்ல மனிதர். என் மகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் சொல்ல வாய் வராத பதிலை உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் கிராமத்தில் அரை கிலோமீட்டருக்குள் இரண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள். ஊருக்குள் ஊராட்சி ஒன்றியப் பள்ளி, காலனியில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி. நடுவே ஒரு வாய்க்கால் பாலம். அங்கே இரண்டு ஆசிரியர், இங்கே இரண்டு ஆசிரியர். ஒருவர் கூட்டத்துக்குப் போனால் மற்றவர்தான் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட பாலம் தாண்டி எங்கள் பள்ளிக்கு வந்து நான் பார்த்ததில்லை. நான் படித்த காலத்திலும் இதே கதைதான்.

என் பாட்டி கடைசிவரை அதை 'லேபர் ஸ்கூல்' என்றுதான் சொன்னார். வெள்ளைக்காரர் காலத்தில் பொதுப்பள்ளிகளில் எங்கள் பிள்ளைகளை உட்காரவிடாததால் லேபர் டிபார்ட்மென்ட் தனிப்பள்ளிகளைத் திறந்தது. அவை இல்லாவிட்டால் எங்களில் எத்தனையோ பேருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரிந்திருக்காது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அன்றைக்குக் கதவைச் சாத்தியதற்காகத் திறந்த பள்ளி, இன்றைக்கும் ஏன் தனியாகவே இருக்க வேண்டும்?

வசதி கொஞ்சம் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். நானும் கிளம்பினேன். நிலம் நீச்சு தேடியோ, வேலை தேடியோ நான் டவுனுக்கு வரவில்லை. பெயின்ட் அடிக்கும் வேலை எனக்கு அங்கேயும் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் ஒரு வகுப்பில் என் மகள் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

டவுனில் மூன்றாவதாகப் பார்த்த வீடு எங்களுக்குப் பிடித்திருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது, பள்ளி நடக்கிற தூரம். அட்வான்ஸ் பேசி முடித்தாயிற்று. வீட்டுக்கார அம்மா என் மகளின் கன்னத்தைத் தொட்டு, "எந்த ஸ்கூல்ல படிக்கிறே கண்ணு?" என்று கேட்டார். யார் கேட்டாலும் பள்ளிப் பெயரை முழுசாகச் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் பழக்கியிருந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு, "அரசு ஆதிதிராவிடர் நலத் தொடக்கப் பள்ளி" என்று ஊர்ப் பெயரோடு கணீரென்று சொன்னாள். அந்த அம்மாவின் கை கன்னத்திலிருந்து இறங்கிவிட்டது. "சொந்தக்காரங்க வர்றதா சொல்லியிருக்காங்க, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள்: "நான் தப்பாச் சொல்லிட்டேனாப்பா?"

ஐயா, அவள் ஒரு எழுத்துகூடத் தப்பாகச் சொல்லவில்லை. அரசு வைத்த பெயரைத்தான் சொன்னாள்.

இப்போது இருக்கும் வீட்டுக்கு வாடகை 4,500 ரூபாய். அட்வான்ஸுக்கு என் மனைவியின் தோடு அடகில் இருக்கிறது. அம்மா மட்டும் ஊரில் தனியாக இரண்டு ஆட்டோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கட்டணமில்லா பஸ்ஸில் வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

நலத் துறைப் பள்ளிகள், கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உட்படப் பல துறைகளின் பள்ளிகளும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வரும் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதிவெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 2025-இல் அரசு மாணவர் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வந்தது. 'காலனி' என்ற சொல்லையும் அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் வரவேற்கிறேன். ஆனால் எங்கள் பள்ளியின் பெயர்ப் பலகை அப்படியேதான் இருக்கிறது. அறிவிப்புகளைப் பேப்பரில் படித்துப் படித்து எங்களுக்கு வயதாகிறது, பிள்ளைகளும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிடுகிறார்கள். ரோடு போட வருகிற வேகம் இதற்கு மட்டும் ஏன் வருவதில்லை?

இணைத்தால் ஆசிரியர் பணியிடம் போகும், பள்ளி இடம் கைவிட்டுப் போகும் என்று எங்கள் ஆட்களிலேயே பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. இணைக்கிறேன் என்று சொல்லி எங்கள் பள்ளியை மூடிவிடாதீர்கள். இரண்டு பள்ளியையும் ஒன்றாக்கினால் நான்கு ஆசிரியர் ஒரே இடத்தில் இருப்பார்கள். எந்தக் கட்டடம் நன்றாக இருக்கிறதோ அதில் நடத்துங்கள். அது காலனிக் கட்டடமாக இருந்தால் ஊர்ப் பிள்ளைகள் பாலம் தாண்டி வரட்டும். அங்கிருந்து இங்கே வரவும் அதே அரை கிலோமீட்டர்தான்.

கோபத்தில் ஏதாவது கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஊருக்கு ஒரு பள்ளி. அதன் பெயரில் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கட்டும்.

அடுத்த ஜூனில் என் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். வாடகை வீட்டின் பதினொரு மாத ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, அம்மாவிடமே திரும்பிப் போவதா என்று அதற்குள் நாங்கள் முடிவு செய்ய வேண்டும். தயவுசெய்து அதற்கு முன்னால் ஒரு பதில் தாருங்கள்.

பணிவுடன்,
ஒன்பது பேரோடு பத்தாவதாக இருந்திருக்க வேண்டியவளின் அப்பா