பழக்கத்தை மாற்றுவது குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நகம் கடிப்பதையும், வீட்டுப்பாடத்தைத் தூங்கப்போகும் நேரம் வரை தள்ளிப்போடுவதையும், கைப்பேசியைக் கீழே வைக்க மறுப்பதையும் எத்தனை முறை கண்டித்தாலும் பிள்ளை ஏன் விடுவதில்லை என்று கடந்த பெற்றோர் கூட்டத்தில் உங்களில் பலர் கேட்டீர்கள். அன்று சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஊறிப்போன பழக்கம் தலைதூக்கும் கணத்தில் பிள்ளை பெரும்பாலும் அதை உணர்வதே இல்லை. ஆகவே கண்டிப்பு எப்போதும் செயல் முடிந்த பிறகுதான் வந்து சேர்கிறது. என் பணியின் தொடக்க ஆண்டுகளில், நகம் கடித்த ஒரு மாணவியை வகுப்பின் நடுவே பலமுறை பெயர் சொல்லி அதட்டினேன். என் கண்ணில் படாமல் கடிக்க அவள் கற்றுக்கொண்டாளே தவிர, பழக்கம் போகவில்லை. அதை இன்றும் வருத்தத்தோடு நினைத்துப்பார்க்கிறேன். நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்னும் உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட முறையை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. கை வாயை நோக்கி எழும் தருணத்தைக் கவனிக்க முதலில் பழக்கி, பின்பு அந்தக் கணத்தில் விரல்களை மடக்கிச் சிறிது நேரம் இறுக்கிப் பிடிப்பது போன்ற ஒரு மாற்றுச் செயலைக் கற்பிப்பதே அம்முறை. வெறுமனே ‘செய்யாதே’ என்றால் கைக்கு வேலை இல்லாமல் போகிறது; வேலை இல்லாத கை பழைய இடத்துக்கே திரும்புகிறது.

புதிய பழக்கத்துக்கும் இதுபோல் ஒரு பிடிமானம் வேண்டும். ‘இனி ஒழுங்காகப் படி’ என்பதைவிட, ‘வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் கணக்கு நோட்டைத் திற’ என்பது பயன்தரும். ஏனெனில் முகம் கழுவுவது ஏற்கெனவே தினமும் நடக்கிறது, அதுவே அடுத்த செயலை நினைவூட்டும்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற பேச்சை நம்பி, 22ஆம் நாள் மனம் தளர்ந்துவிடாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் நிலையை எட்ட ஏறத்தாழ 66 நாள் தேவைப்பட்டது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. பங்கேற்றவர்கள் பெரியவர்கள் என்பதால் அந்த எண்ணைப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். ஆனால் இடையில் ஒரு நாள் தவறியதால் அவர்களுடைய முயற்சி குலையவில்லை என்பதை, தவறிய நாளில் ‘இவ்வளவுதானா நீ’ என்று சொல்ல நாவெடுக்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பழக்கத்தைப் பிள்ளையோடு பேசித் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் கண்டிக்காமல், அது எப்போது, எங்கே, எதற்குப் பின் நிகழ்கிறது என்று மட்டும் குறித்துவையுங்கள். விரலில் புண்ணாகும் அளவுக்கு நகம் கடித்தாலோ, தலைமுடியைப் பிடுங்கினாலோ காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றவர்கள் அக்குறிப்பை வரும் திங்கட்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பினால், எந்த மாற்றுச் செயல் பொருந்தும் என்று சேர்ந்து முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்