நூலகவியல் மாணவர்களைக் குறிப்புதவி மேசைக்கு அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, 'தகவல் மூலங்களும் சேவைகளும்' என்னும் தாளில் தனக்கிருந்த ஐயங்களைக் கேட்பதற்காக மயிலாப்பூரில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தாள். நூலகவியல் இளநிலைப் பட்டமான பி.லிப். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அவள், தகவல் மூலங்களை முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை என்று பிரித்துத் தடையின்றிச் சொன்னாள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பற்றிக் கேட்டேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், பின்னர் 1939இல் நிறைவுற்ற இணைப்புத் தொகுதி என்று உடனே விடை வந்தது. அலமாரியிலிருந்து ஒரு தொகுதியை எடுத்து அவள் கையில் கொடுத்து, 'நாற்றம்' என்ற சொல்லைப் பார்க்கச் சொன்னேன். பக்கத்தைத் தேடவே அவளுக்கு நேரமாயிற்று. சொல்லுக்கு அருகில் உள்ள சுருக்கக்குறிகள் எந்தெந்த நூல்களைக் குறிக்கின்றன என்பதும், அவற்றுக்கான விளக்கப் பட்டியலைத் தனியே தேட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த அகராதியை அவள் அதுவரை தொட்டதே இல்லை.

அது அவளுடைய குற்றமன்று. பெயரையும் ஆண்டையும் எழுதினாலே மதிப்பெண் கிடைக்கும் வகையில் வினாத்தாள் அமைந்திருக்கிறது; நூலை விரித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் பாடத்திட்டத்தில் எங்கும் வரவில்லை. சென்னையில் ஒரு கல்லூரியின் நூலகராக முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்தக் குறையைத் தங்கள் நாளிதழின் வாயிலாகக் கல்வித்துறையினர், பொது நூலகத்துறையினர் ஆகியோரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

குறிப்புதவிப் பணி, அதாவது நாங்கள் வழக்கில் 'ரெஃபரன்ஸ்' என்று சொல்லும் பணி, நூலை எடுத்துக் கொடுப்பதோடு முடிவதன்று. வாசகர் வாயால் கேட்பது ஒன்று, அவருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறொன்று என்பதைக் கண்டறிவதில்தான் அந்தப் பணி தொடங்குகிறது. என் பணிக்காலத்தில் ஒருவர் வந்து, "சென்னை வரலாறு பற்றிய புத்தகம் வேண்டும்" என்றார். நான்கு நூல்களை அவர் முன் வைத்துவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். எதற்காக என்று மெல்ல விசாரித்தபோதுதான், அவருடைய பாட்டனார் பெயரில் இருந்த பழைய பத்திரமொன்றில் 'எட்வர்ட் எலியட்ஸ் சாலை' என்று ஒரு முகவரி இருப்பதும், அது இன்று எங்கே இருக்கிறது என்பது மட்டுமே அவருக்குத் தெரிய வேண்டும் என்பதும் புலப்பட்டன. அது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. அந்த ஒரு வரி விடைக்காக அவர் நான்கு நூல்களையும் வீட்டுக்குச் சுமந்து சென்று, ஒரு வாரம் புரட்டிவிட்டு, கிடைக்கவில்லை என்று திருப்பித் தந்திருப்பார்.

இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் உள்ள மகனைப் பார்க்கச் செல்லவிருந்த முதியவர் ஒருவருக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. அவர் பிறந்த நாளுக்கு வீட்டில் இருந்த ஒரே சான்று, குரோதன வருடம் பங்குனி மாதம் என்று தொடங்கும் ஜாதகக் குறிப்பு. அவருடைய மகள் எங்களிடம் வந்து, ஆங்கிலத் தேதி வேண்டும் என்று கேட்டார். அறுபதாண்டுச் சுழற்சியில் குரோதன என்பது 1865இலும் வரும், 1925இலும் வரும், 1985இலும் வரும். அவருடைய வயதைக் கொண்டு பார்த்தால் 1926ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களுக்குள் அந்த நாள் விழ வேண்டும் என்பது தெளிவு. ஆனால் துல்லியமான தேதிக்கு எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1911இல் வெளியிட்ட 'இந்தியன் க்ரோனாலஜி' தேவைப்பட்டது. கி.பி. 2000 வரையிலான திதி, நட்சத்திரம், ஜாதகக் குறிப்பு ஆகியவற்றைக் கணித்துச் சரிபார்க்க வழிகாட்டும் நூல் அது. ஜாதகத்தில் இருந்த கிழமையும் நட்சத்திரமும் கணக்கிட்ட தேதியோடு ஒத்துப்போனபோது அந்த அம்மையாரின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் இன்றும் மறக்கவில்லை. பழைய நிலப் பத்திரங்களில் இதே சிக்கல் வரும்போது வயதைக் கொண்டு யூகிக்க இயலாது. அறுபது ஆண்டு பிசகிப்போனால் வழக்கே திசைமாறிவிடும். இப்படியொரு நூல் இருக்கிறது என்பதையும், அதை எப்படிக் கையாள்வது என்பதையும் வருங்கால நூலகர் எங்கே கற்றுக்கொள்வார்?

இந்தப் பணிக்கு இலக்கணம் வகுத்தவர் நம் ஊரில் வாழ்ந்தவர் என்பதால்தான் என் ஆதங்கம் மிகுதியாகிறது. சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவதாக, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்றார். உடனே விடை சொல்லக்கூடிய கேள்வி ஒருவகை, பல மூலங்களைத் தேடி நாட்கணக்கில் உழைக்க வேண்டிய கேள்வி இன்னொருவகை என்று குறிப்புதவிப் பணியை அவர் பிரித்துக் காட்டினார். சென்னை நூலகச் சங்கம் 1929இல் தொடங்கிய நூலகப் பயிற்சி வகுப்பும், நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்னோடியாக 1948இல் இங்கே நிறைவேறிய பொது நூலகச் சட்டமும் அவருடைய உழைப்பின் பயன்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 அன்று அவர் படத்துக்கு மாலையிடுகிறோம். மாலையிடும் அதே நூலகங்கள் சிலவற்றில் குறிப்புதவி நூல்கள் பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருப்பதையும், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வாசகர் அலைவதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கும்போது குறிப்புதவி மேசை எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பேரகராதியை இன்று இணையத்தில் தேடலாம். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் படிக்கலாம். இவை பெரும் வசதிகள். நானே நாள்தோறும் பயன்படுத்துகிறேன். எனினும் தேடுபொறி விடையைத் தருகிறதே தவிர, அந்த விடை எந்த ஆண்டுக்குரியது, யார் சொன்னது, எதற்குப் பொருந்தும் என்று பகுத்தறியும் வேலையை நம்மிடமே விட்டுவிடுகிறது. 'நாற்றம்' என்ற சொல் குறளில் மலரின் மணத்தைக் குறிக்கிறது. இன்றைய பேச்சில் அது துர்நாற்றம் மட்டுமே. பழைய வழக்கை மேற்கோளோடு அறியப் பேரகராதியையும், இன்றைய வழக்கை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு அறியக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும் பார்க்க வேண்டும் என்று வாசகருக்குச் சொல்ல ஒரு மனிதர் தேவை. அதுபோலவே, கலைக்களஞ்சியத்தில் ஓர் ஊரின் மக்கள்தொகையைப் பார்த்துக் கட்டுரை எழுதும் மாணவருக்கு, அந்த எண் அரை நூற்றாண்டுக்கு முந்தையது என்பதையும், 1951 முதல் வெளிவரும் மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடுகளில் ஊர்வாரியாக விவரம் கிடைக்கும் என்பதையும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

பயிற்சி தருவதற்கு ஏற்ற இடங்கள் சென்னையில் இருப்பதுபோல் வேறெங்கும் அமைவது அரிது. எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம், 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் நூலகம் என ஒரே நகரப் பேருந்துப் பயணத்தில் சென்றடையக்கூடிய தொலைவில் இத்தனை இருந்தும், நூலகவியல் மாணவர்கள் பெரும்பாலும் ஒருநாள் சுற்றுலாவாக வந்து, கட்டடத்தைப் பார்த்து, குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பி.லிப். மாணவர் ஒவ்வொருவரும் குறைந்தது ஆறு வாரமாவது ஒரு பெரிய நூலகத்தின் குறிப்புதவி மேசையில், அனுபவமுள்ள நூலகர் ஒருவரின் அருகில் அமர்ந்து பணியாற்றுவதைப் பட்டத்துக்கான கட்டாயத் தகுதியாக்க வேண்டும். வாசகர் கேட்ட கேள்வி, விசாரித்தபின் தெளிவான உண்மைத் தேவை, புரட்டிய மூலங்கள், விடை கிடைத்த இடம், ஆன நேரம் ஆகியவற்றை மாணவர் நாள்தோறும் பதிவேட்டில் எழுத வேண்டும். மதிப்பெண்ணும் அந்தப் பதிவேட்டைப் பார்த்தே வழங்கப்பட வேண்டும். விடை கிடைக்காத கேள்விகளை மறைக்காமல் எழுதுவது மிக முக்கியம், ஏனெனில் நூலகம் அடுத்து எந்த நூலை வாங்க வேண்டும் என்பதை அவைதான் சொல்கின்றன.

இதனோடு தொடர்புடைய இன்னொன்றும் உண்டு. கிளை நூலகத்தில் விடை கிடைக்காத கேள்வி அங்கேயே மடிந்துபோகாமல், மாவட்ட மைய நூலகத்துக்கும், அங்கிருந்து கன்னிமாராவுக்கோ அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ செல்லவும், குறித்த நாளுக்குள் விடை திரும்பி வரவும் நிலையான ஏற்பாடு வேண்டும். சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தும் மக்கள், தம் தெருமுனையில் உள்ள நூலகத்தில் நாளிதழ் படிப்பதோடு, கேள்வியோடு வந்து விடையோடு திரும்பவும் உரிமை உடையவர்கள். கிளை நூலகர் பலர் தனியொருவராக நின்று திறப்பது, அடுக்குவது, கணக்கெழுதுவது என எல்லாவற்றையும் பார்ப்பதை நான் அறிவேன். அவர்கள்மேல் மேலும் சுமை ஏற்றச் சொல்லவில்லை. பயிற்சி மாணவர்கள் அந்த இடங்களுக்கு முறைவைத்துச் செல்வது அவர்களுக்கும் உதவியாக இருக்கும்.

நான் பணியில் இருந்தபோது எழுதிவைத்த குறிப்புதவிப் பதிவேடுகள் பதினொன்று என்னிடம் பத்திரமாக உள்ளன. வாசகர்களின் பெயர்களை நீக்கி, கேள்விகளையும் விடை தேடிய வழிகளையும் மட்டும் படியெடுத்து வருகிறேன். விடை காணாமல் விட்ட கேள்விகளையும் அப்படியே வைத்திருக்கிறேன். நூலகவியல் துறை எதுவாயினும் கேட்டால் அவற்றைப் பயிற்சிக்குத் தருவதற்கும், வாரத்தில் இரண்டு நாள் வந்து மாணவர்களோடு அமர்ந்து அந்தக் கேள்விகளை மீண்டும் தேடிப் பார்ப்பதற்கும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். இதற்காக ஊதியமோ பயணப்படியோ எதிர்பார்க்கவில்லை. பேரகராதியை எப்படிப் பார்ப்பது என்று அன்று கற்றுக்கொண்ட எங்கள் வீட்டுப் பெண், முதல் மாணவியாகப் பெயர் கொடுத்துவிட்டாள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
மயிலாப்பூர், சென்னை.